முன்மாதிரிப் படம் இணைக்கவும்

ஜூலை 9. நேற்று ஒரு சிறு தவறு. வளர்ச்சி வேகம் குறைந்ததற்குக் காரணம் ‘வானிலை’ என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். இயக்குநர் ‘உலக வானிலை’ என்று திருத்தினார்.

நாட்குறிப்பில் இப்படி எழுதியவன் வளர்ச்சித் துறையின் இளநிலை எழுத்தர். அதைப் போன்ற மகத்தான துறை பூமியில் வேறில்லை. ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு நாட்டையே தூக்கி நிறுத்திய துறை அது. அதிகாரிகள் அண்டை நாட்டு ஆலைகளுக்கு ‘நல்லெண்ணப் பயணம்’ போவார்கள், படம் பிடிப்பார்கள், திரும்பி வந்து அப்படியே கட்டுவார்கள். ஒரு படத்தின் ஓரத்தில் விழுந்த கட்டைவிரலுக்குக்கூடத் தூண் எழுப்பியிருக்கிறார்கள்.

“பக்கத்துப் பையனைப் பாத்து எழுதற வரைக்கும் பரீட்சை வேகமாத்தான் போகும். அவன் பேப்பர் முடிஞ்சதும் சொந்தமா யோசிக்கணும். அங்கதான் வண்டி முக்கும்,” என்பார் அவன் படிக்கும் மாலை வகுப்பின் பொருளாதார ஆசிரியை. அவன் அதை எழுதிக்கொண்டான். சரியாகப் புரிந்ததா என்றுதான் சந்தேகம்.

போன வருடம் அவனுடைய அக்கா, சாயப்பட்டறை மெக்கானிக், ஆலை வைக்க அனுமதி கேட்டு வந்தாள். பாதி மின்சாரத்தில் துணி உலர்த்தும் இயந்திரம்.

“இது எங்கம்மா ஓடுது?” என்றார் இயக்குநர்.

“என் பட்டறையில சார். வந்து பாருங்க.”

“அதில்ல. வெளிநாட்டுல எங்க ஓடுது? போட்டோ எங்க?”

“எங்கயும் இல்ல சார். நான்தானே கண்டுபிடிச்சேன்!”

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. “அடடா! இவ்வளவு நல்ல மிஷினை யாராவது முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?”

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். “நீதான் பாத்தியே, ஓடுதா இல்லையா? வாயத் தொறந்து சொல்லேன்டா!”

பார்த்தவன்தான். ஆனால் தம்பி பார்த்தது முன்மாதிரி ஆகுமா? விதியில் இல்லை.

“போட்டோ கொண்டு வாக்கா,” என்று அவள் விண்ணப்பத்தில் நிராகரிப்பு முத்திரையைக் கோணாமல் குத்தினான்.

“நல்லா இருடா,” என்றவள் அண்டை நாட்டுக்கே போய்விட்டாள்.

இன்று இயக்குநர் துள்ளிக்கொண்டு வந்தார். “தப்பிச்சோம்ப்பா! அந்தப் பக்கம் ஒரு அம்மா துணி உலர்த்தற மிஷின் வச்சிருக்காங்களாம். பாதி கரண்டு! கேமராவோட நீ கிளம்பு.”

“சார், அது எங்க அக்கா.”

“ரொம்ப நல்லதாப் போச்சு! கிட்டப் போய் எடுக்க விடுவாங்க.”

அவன் அறிக்கையில் ‘உலக வானிலை’யை அடித்தான். காரணம் என்ற இடத்தில் அதே நிராகரிப்பு முத்திரையைக் கோணாமல் குத்தினான். பிறகு நாட்குறிப்பைத் திறந்தான்.

நாளை: அக்காவின் ஆலைக்குப் போக வேண்டும். படம் பிடிக்கும்போது கட்டைவிரலை விலக்கிக்கொள்ள வேண்டும்.