ஆனி மாதத்து ஆட்சேபணை

"இந்த ஊர்ல நான் தனியாப் போயிட்டு வர்ற இடம்னா அது பால்கனிதான்டி."

என் மனைவி அனுப்ரியா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கார் சாவியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்த நான், பூட்ஸைக் கழற்றாமல் கதவருகே நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு, திருடனைப் போல என் வீட்டைவிட்டு வெளியேறினேன்.

எனக்குப் புரியவே இல்லை. கியூபெக்குக்கு வந்த மூன்று வருடத்தில் இந்தப் பெண்ணை நான் எங்கேதான் கூட்டிப்போகவில்லை? பிரெஞ்சு வகுப்புக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். வகுப்பு முடியும்வரை வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். காய்கறிக் கடைக்கு நான். முடி திருத்த நான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்கு நான். ஒருமுறை "நான் பஸ்ல போய்க்கிறேங்க" என்றாள். "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். அவள் வந்து காரில் ஏறினாள். பதிலே சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டதாக அன்று பெருமைப்பட்டேன்.

அன்று மாலை தோசைக்கு நடுவே விஷயம் வெளியே வந்தது.

"ஏங்க, தாட்சா வீட்டைக் காலி பண்றா."

தாட்சாயினி அவளுடைய பிரெஞ்சு வகுப்புத் தோழி. யாழ்ப்பாணத்துப் பெண். பிளாட்டோ பகுதியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள்.

"எங்க போறா?"

"டொரன்டோ. ஜூன் கடைசியில. அந்த வீட்டை நாம எடுத்துக்கலாம்."

"எதுக்கு?"

"நடக்கறதுக்கு."

"நடக்கறதுக்கு யாராவது வீடு எடுப்பாங்களா? வீடு உட்கார்றதுக்கு."

"உட்கார்ந்து மூணு வருஷம் ஆச்சுங்க. அங்க ரொட்டிக்கடை மூணு நிமிஷம். பூங்கா அஞ்சு நிமிஷம். நூலகம் ஏழு. மெட்ரோ எட்டு. எல்லாம் நடந்து."

"கார்?"

"கார் நிக்கட்டும்."

"எங்க நிக்கும்? அதை முதல்ல சொல்லு."

பிளாட்டோவை நான் அறிவேன். நூறு வருடத்துக் கல் வீடுகள். வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டிய மாடிப்படியை இரும்பில் செய்து வெளியே தொங்கவிட்டிருப்பார்கள். ஏறும்போது முறுக்குப் பிழிகிற அச்சுக்குள் மாட்டிக்கொண்ட மாவு மாதிரி சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். தெருவில் ஒவ்வொரு கம்பத்திலும் நாலு அறிவிப்புப் பலகைகள். முதல் பலகை இங்கே நிறுத்தலாம் என்கிறது. இரண்டாவது, செவ்வாய்க்கிழமை கூடாது என்கிறது. மூன்றாவது, குளிர்காலத்தில் வேறு மாதிரி என்கிறது. நாலாவதைப் படித்து முடிப்பதற்குள் கார் அங்கே இருக்காது.

நாங்கள் குடியிருக்கும் லாசாலில் அப்படியில்லை. எங்கள் கட்டிட வாசலிலிருந்து பதினொரு அடியில் என் கார் நிற்கிறது. சமையலறை ஜன்னலில் இருந்து அதைப் பார்க்கலாம். நான் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை.

"உனக்கு நான் என்ன குறை வச்சேன் அனு?"

"ஒரு குறையும் இல்லீங்க. அதான் கஷ்டம். கடையில நான் ஒரு கத்திரிக்காயை எடுத்துத் திருப்பிப் பாக்கறதுக்குள்ள 'முடிஞ்சுதா'ன்னு ரெண்டு தடவை போன் வருது. மூணாவது கத்திரிக்காய்க்கு ஹார்ன் சத்தம் கேக்குது."

"நோ பார்க்கிங்ல நிக்கறேன்ல."

"அதைத்தான் சொல்றேன். நீங்க எப்பவும் எங்கயோ நோ பார்க்கிங்ல நிக்கறீங்க. நான் எப்பவும் ஓடி வரேன்."

நல்ல பதில் இல்லாதபோது புருஷன்கள் செய்வதை நானும் செய்தேன். "பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கலாம் என்பதற்கு ஒரு காலக்கெடு இருந்தது. மார்ச் முப்பதாம் தேதி எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. இன்னொரு வருடம் இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று கேட்டு. போவதென்றால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் தானாகவே நீண்டுவிடும். வாயை மூடிக்கொண்டு ஜெயிக்கக் கூடிய ஒரு போட்டி என் திருமண வாழ்க்கையில் முதல்முறையாக வந்திருக்கிறது. ஏப்ரல் முப்பதுவரை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும்.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன். எழுந்தால் ஜன்னலுக்குப் போனேன். கடைசியில் கீழே இறங்கி உருத்திரமூர்த்தி அண்ணனிடம் போனேன்.

அவர் எங்களுக்கு நேர் கீழ்வீடு. முப்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவர். பஞ்சாங்கம் பார்க்காமல் பனிக்கால டயரைக்கூட மாற்ற மாட்டார். தன் காரின் மேல் கிடந்த பனியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, இந்த ஊரிலை சனம் வீடு மாறுறது எந்தத் தேதியிலை?"

"ஜூலை ஒண்ணு. எல்லா வீட்டு ஒப்பந்தமும் அன்னிக்குத்தான் மாறுது. ஊரே மெத்தையைத் தூக்கிட்டு ஓடுமே."

"அது எங்கடை கணக்கிலை என்ன மாசம்?"

யோசித்தேன். "ஆனி."

"ஆனியிலை ஆரும் குடி போவினமோ? சொல்லும் பாப்பம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையுறை ஈரமாக இருந்தது. பரவாயில்லை. இந்த வருடம் ஜூலை ஒன்று ஆனி. அடுத்த வருடமும் ஆனி. அதற்கடுத்த வருடமும் ஆனி. கியூபெக்கும் பஞ்சாங்கமும் ஒன்றுசேர்ந்து எனக்காக உழைத்துக்கொண்டிருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றே சொன்னேன். முகத்தில் போதுமான சோகத்தை வரவழைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எனக்கும் ஆசைதான் அனு. ஆனா ஆனியில வருது. புது வீட்டுக்குப் போறப்ப மாசம் முக்கியம் இல்லையா?"

"உங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை உண்டா?"

"இப்பல்லாம் உண்டு."

அனுப்ரியா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை முழுக்கத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

"சரிங்க. ஆனியில குடி போக வேணாம்."

அவ்வளவுதான். அழவில்லை. கதவைச் சாத்தவில்லை. நான் ஜன்னலுக்குப் போய் காரைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் படியில் உருத்திரமூர்த்தி அண்ணன் எதிரே வந்தார். அனுப்ரியா மிகவும் பணிவாக நின்றாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். குடி போறதுன்னா எது கணக்கு? ஆள் போறதா, சாமான் போறதா?"

"ரெண்டும் இல்லைப் பிள்ளை. பால் பொங்கிறதுதான் கணக்கு. நல்ல மாசத்திலை, நல்ல நாளிலை, அந்த வீட்டு அடுப்பிலை பால் பொங்கிச்செண்டா குடி புகுந்தாச்சு. கட்டில் மேசை பேந்து எப்ப வந்தா என்ன."

"பொங்கின பிறகு, அந்த வீடு வேணாம்னு விட்டுடலாமா?"

"சீச்சீ. லட்சுமியை உள்ளுக்கை விட்டிட்டுக் கதவைப் பூட்டுறதே? அது சரியான பிழை."

நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எங்கள் பக்கத்து நிபுணர் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று.

ஏப்ரல் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. கெடுவுக்கு இன்னும் நாலு நாள்.

"தாட்சா டீக்குக் கூப்பிட்டிருக்கா. ஊருக்குப் போறவ. வரமாட்டேன்னு சொல்லிடாதீங்க."

"வீடு பத்தி எதுவும் இல்லையே?"

"ஆனியில போக வேணாம்னு நானே சொல்லிட்டேனே."

அந்தப் பெருந்தன்மை என்னை உருக்கிவிட்டது. காரில் கூட்டிப்போனேன். அவளைப் படிக்கட்டருகே இறக்கிவிட்டு நிறுத்த இடம் தேடினேன். ஒருவழித் தெருக்களில் சுற்றினேன். அதே நாயை அதே பெண்மணி நடத்திக்கொண்டு போவதை மூன்று முறை பார்த்தேன். நாய் என்னை அடையாளம் கண்டுகொண்டது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து, வேறொரு ஊரின் எல்லை போல் தோன்றிய இடத்தில் காரை விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்து வந்தேன். இரும்புப் படியில் முறுக்கு மாவாகச் சுற்றி மேலே ஏறியபோது மூச்சு எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

"வலது காலை எடுத்து வச்சு வாங்க, படி வழுக்குது" என்றாள் அனுப்ரியா. வைத்தேன்.

உள்ளே பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. மரத்தரை மெல்ல முனகியது. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் மொட்டு விட்டிருந்தது. சமையலறை மட்டும் சுத்தமாகத் துடைத்திருந்தது.

"அண்ணை, உங்கடை கைத் தேத்தண்ணியை அடிக்க ஆளில்லையெண்டு அனு சொன்னவ. எனக்கும் ஒருக்கா குடிச்சுப் பாக்கவேணும்" என்றாள் தாட்சாயினி.

டீ விஷயத்தில் நான் கொஞ்சம் பலவீனமானவன். கோட்டைக் கழற்றினேன்.

"பாத்திரம் பளபளன்னு இருக்கே. புதுசா?"

"ஓம் அண்ணை. பழசெல்லாம் பெட்டியிலை."

"மூணு பேருக்கு எதுக்கு இவ்வளவு பால்?"

"மிஞ்சினா மிஞ்சட்டும். நிறைய ஊத்துங்கோ. விளிம்பு மட்டும்."

ஊற்றினேன். அடுப்பை மூட்டினேன். அப்போது அனுப்ரியா ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, ஆனியில ஏன் குடி போகக் கூடாதுன்னு தாட்சாவுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க. நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மூன்று வருடத்தில் என் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. இருவரும் கண் இமைக்காமல் கேட்டார்கள். ஆனியில் ஆரம்பித்து, ஆடியை விளக்கி, மார்கழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார்கள் என்பது புரட்டாசியில்தான் உறைத்தது.

சுர்ரென்று சத்தம் கேட்டது.

பாய்ந்து திரும்பினேன். பால் நுரைத்துக்கொண்டு மூன்று பக்கமும் வழிந்தது. அணைக்கக் கை நீட்டினேன். தாட்சாயினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ அண்ணை, கிழக்குப் பக்கமும் வழியட்டும்."

அவளுடைய போனிலிருந்து நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கியது. அனுப்ரியா கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். அடுப்புக்கு ஒரு பொட்டு. எனக்கு ஒரு பொட்டு.

"இன்னிக்கு சித்திரை பதிமூணு. வளர்பிறை. குடி போயாச்சுங்க."

"யாரு?"

"நாமதான். ஜூலை ஒண்ணாம் தேதி சாமான் மட்டும் வரும். சாமானுக்கு மாசம் கிடையாது."

உருத்திரமூர்த்தி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தெரியாமப் பொங்கிடுச்சு. இது கணக்குல வராதுல்ல?"

"ஆற்றை கையாலை பொங்கினது தம்பி?"

"என் கையால."

"அப்ப முழுக் கணக்கு." சற்று நேரம் மறுமுனையில் இருமல். "தம்பி, குறை நினையாதையும். வாசலுக்குக் கிட்ட நிக்கிற உம்மடை பார்க்கிங், ஜூலையிலை இருந்து எனக்கு வாற மாதிரி ஒழுங்கு செய்து தந்தவ அனு. உமக்கு முன்னமே தெரியுமெண்டு நினைச்சன்."

போனை வைத்தேன். படியில் காலடிச் சத்தம். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மொசியு லவ்வா, பால் தீய்ந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். கையில் தாள்கள். வாசனைக்காக மட்டும் வந்தவர் தாள்களோடு ஏன் வர வேண்டும் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி', இரண்டுக்கும் நடுவே ஒரு சிரிப்பு. அனுப்ரியா அவரிடம் நீளமாக, வேகமாக, கையை ஆட்டிப் பேசினாள். அவள் வகுப்பில் இருந்தபோதெல்லாம் நான் வெளியே காரில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கிழவர் என் நெற்றியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

"எங்க வழக்கப்படி என் வீட்டுக்காரரே அடுப்பை மூட்டி, வீட்டுக்குச் சம்மதம் சொல்லிட்டாருன்னு."

"நான் எப்ப சொன்னேன்?"

"வேணாம்னா இப்ப சொல்லுங்க. நானே அவர்கிட்ட மாத்திச் சொல்றேன்."

அவள் குரலில் சிரிப்பு இல்லை. பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் 'வேண்டாம்' என்றால் அவள் உண்மையாகவே மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. பிறகு பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கீழே இறங்கி, நான் காரைக் கொண்டுவரும்வரை நின்றுகொண்டிருப்பாள்.

பேனாவை வாங்கினேன். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். லாசால் வீட்டுக்காரருக்கு எழுத வேண்டிய கடிதம் அவள் பையில் தயாராக இருந்தது. அதிலும் போட்டேன். டீ நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

"இங்கயே இரு அனு. கார் ரொம்ப தூரத்துல நிக்குது. எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டேன். படிக்கட்டருகே ஆளில்லை. மேலே பால்கனியில் தாட்சாயினி எட்டிப் பார்த்தாள்.

"அனு போயிட்டா அண்ணை. மெட்ரோவிலை வாறாவாம். நீங்கள் வீட்டை போங்கோ."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம். நடந்து."

அந்தப் பக்கம் ஒருவழி. சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்கு வந்தேன். முன்னால் வரிசையாகக் கார்கள். எதுவும் நகரவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டேன். அப்போது நடைபாதையில் அவளைப் பார்த்தேன். கோட்டு பொத்தான் போடாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, ஒவ்வொரு கடைக் கண்ணாடியாக நின்று நின்று வந்துகொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினேன்.

"அனு, ஏறு. பின்னாடி வண்டி நிக்குது."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தெரிந்தவர் ஒருவருக்குக் கையாட்டுவதுபோல் கையை ஆட்டிவிட்டு, ரொட்டிக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.