தலைக்கு இரண்டு கல்

சீருடை போட்ட ஆளைப் பார்த்தால் நம் ஜனங்கள் நின்று வழி கேட்பார்கள். அந்த ஆளுக்கு வழி தெரியுமா என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்க மாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் கொஞ்ச காலம் அந்தச் சீருடைக்குள் இருந்தவன் நான்தான்.

சித்தூரில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமும் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. படித்தவன் பெங்களூருக்கும், படிக்காதவன் குவைத்துக்கும், இரண்டுங்கெட்டான்கள் பள்ளிக்கூட வேலைக்கும் போனோம். நான் பி.ஏ. சரித்திரம், இரண்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடம் அதற்கு முன் மாம்பழக் கூழ் கம்பெனியின் கிடங்காக இருந்தது. கோடையில் சுவரிலிருந்து மாம்பழ வாசனை வரும். பிள்ளைகளுக்குப் பசிக்கும். எனக்கும் பசிக்கும்.

இன்டர்வியூவில் கரஸ்பாண்டென்ட் தெலுங்கில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஸ்கவுட்ஸ் பிள்ளைகளைப் பழக்கத் தெரியுமா என்றார். நன்றாகத் தெரியும் சார் என்றேன். (ஏழாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்கு எனக்கு ஒரு ஸ்கார்ஃப் கட்டிவிட்டார்கள். அதில் மூக்கைத் துடைத்ததுதான் என்னுடைய மொத்த அனுபவம்.) வேலை கிடைத்துவிட்டது. தொப்பியும் கிடைத்தது. தொப்பி இன்னொருத்தர் அளவு. காதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பள்ளியில் பழக்கும் முறை பற்றி ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ரொம்ப நியாயமான புத்தகம். முதலில் பள்ளி மைதானத்துக்குள்ளேயே, ஆசிரியரின் கண் எதிரில் பழக்கு. பிறகு பக்கத்தில் தெரிந்த இடத்துக்குக் கூட்டிப்போ. அது கைவந்த பிறகு புது இடம். அங்கே பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். கடைசியில்தான் பிள்ளைகளைத் தனியாக விட வேண்டும். அப்போதும் விசில் ஊதினால் கேட்கும் தூரத்தில் ஒருத்தர் இருக்க வேண்டும். மொத்தம் நாலு படி, இவ்வளவுதான்.

முதல் படியை ஒழுங்காகவே செய்தேன். முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்க ஒரு பையனைக் கொடிக்கம்பத்தில் கட்டினேன். கட்ட வந்தது, அவிழ்க்க வரவில்லை. ஆயாம்மா காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தாள். மற்றபடி நன்றாகத்தான் போனது.

இரண்டாம் படிக்கு ஊருக்கு வெளியே மாந்தோப்புகள். அங்கே தடம் பார்த்து நடக்கப் பழக்கினேன். பெரிய கல் மேல் சின்னக் கல் வைத்திருந்தால் இதுதான் வழி என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொரு கல் இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பிள்ளைகள் கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டார்கள். நான் எவ்வளவு சுற்றி வளைத்து வைத்தாலும் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு விதியை நானே சேர்த்தேன்.

"வழியில யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. எங்க கல்லு மேல கல்லு இருக்குதோ, அதான் வழி. ஸ்கவுட்டுக்கு கல்லு போதும்."

மாந்தோப்பில் என்னைத் தவிர வேறு யாரும் கல் அடுக்குவதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் படிக்கு வரும்போது கரஸ்பாண்டென்ட் குறுக்கே வந்தார். அடுத்த வருஷ அட்மிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர்களுக்கு சர்டிஃபிகேட் வேண்டும், அதை ஒரு பெரிய மனுஷர் கையால் கொடுத்து போட்டோ எடுக்க வேண்டும், அதுவும் திருப்பதியில் என்றால் மங்களகரமாக இருக்கும் என்றார். மூன்றாவது படியைத் தாண்டிவிடலாம், நேராக நாலாவது என்றார். "இது நல்லா ஜரிகிடிச்சின்னா, ஜூன்ல உன்னை பர்மனெண்ட் பண்ணிட்றேன்" என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். நல்லபடி நடந்தால் நிரந்தர வேலை.

அந்த ஒரு சொல்லில் எங்கள் வீடே தொங்கிக்கொண்டிருந்தது. நகரி பக்கம் நிலம் இல்லாத கூலிக் குடும்பம் எங்களுடையது. சித்தூருக்கு வந்து நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அந்தக் கூழ் கம்பெனியில் சீசனுக்கு மூட்டை தூக்கினார். அந்த வருஷம் மெஷின் வந்து ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். பெங்களூரில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக்கு வாட்ச்மேன் வேண்டும், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் படுக்க இடம் தருவார்கள் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு ஆளுக்குத்தான் இடம். அம்மா இங்கேயே இருக்க வேண்டும்.

"உனுக்கு பர்மெண்ட்டு ஆய்ட்ச்சின்னா நான் எதுக்குடா அங்க போய் எவனோ வூட்டு கேட்டுல குந்திக்கினு கெடக்கணும்? மேஸ்திரிகிட்ட வரலன்னு சொல்லிட்றேன்" என்றார் நைனா. சொல்லிவிட்டு, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு விழாவைப் பார்க்க அவரும் வேனில் ஏறிவிட்டார்.

வேனில் பிள்ளைகள் சித்தூரிலிருந்து விசில் ஊதிக்கொண்டே வந்தார்கள். கரஸ்பாண்டென்ட் திரும்பி முறைத்தார். நான் எல்லா விசிலையும் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். (அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று சாயந்திரம் தெரிந்தது.)

அலிபிரியில் திருமலைக்கு ஏறும் படிக்கட்டை விட்டு விலகி, அடிவாரத்தை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை போகும். அதன் முடிவில் ஒரு பாழடைந்த மண்டபம். விழா அங்கேதான். பிள்ளைகளை வேன் டிரைவரிடம் ஒப்படைத்தேன். அணி அணியாகக் கொஞ்ச நேரம் விட்டு அனுப்பு என்று சொல்லிவிட்டு, தடம் வைக்க முன்னால் போனேன்.

பாதி வழியில், மலையிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் என் சீருடையைப் பார்த்துப் பின்னாலேயே வந்தது. சோளிங்கர் பக்கத்து ஆட்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அப்பா, அம்மா, மாமியார், பிள்ளைகள். காக்கி நிக்கரும் தொப்பியும் போட்ட ஒரு ஆள் பயபக்தியோடு குனிந்து கல் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். அந்த அம்மாதான் கேட்டாள்.

"சார், இங்க வெக்கலாங்களா?"

"எங்க?"

"கல்லு சார். எத்தினி வெக்கணும்?"

பரவாயில்லையே, ஜனங்களுக்கு ஸ்கவுட்ஸ் மேல் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு விளக்கினேன்.

"ரெண்டே ரெண்டு. பெருசு கீழ, சின்னது மேல. நல்லா கண்ணுக்குத் தெரியற எடமா பாத்து வெக்கணும். ரெண்டுக்கு மேல வெச்சா தப்பு."

"தலைக்கு ரெண்டுங்களா?"

"ஆமா."

கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். (இந்நேரம் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.) நான் மண்டபத்துக்குப் போய்த் தோரணம் கட்ட ஆரம்பித்தேன்.

விருந்தாளி வந்தார். மாலை போட்டோம். சோடா கொடுத்தோம். பிள்ளைகள் வரவில்லை. கரஸ்பாண்டென்ட் பேசினார். விருந்தாளி பேசினார். கேட்க எதிரில் உட்கார்ந்திருந்தது என் நைனா ஒருத்தர்தான். அவர் இரண்டு பேருக்கும் கை தட்டினார். வெயில் உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்தது. இரண்டாவது சோடாவும் தீர்ந்தது.

"பிள்ளலு எக்கடய்யா?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"வந்துக்கினே இருப்பாங்க சார்."

விருந்தாளி வாட்சைப் பார்த்தார், எழுந்தார், மாலையைக் கழற்றி நைனா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஓடினேன். பாக்கெட்டில் விசில்கள் கலகலவென்று சத்தம் போட்டன. கொஞ்ச தூரம் போனதும் அந்தக் குடும்பம் எதிரில் வந்தது. அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க சொன்ன மாதிரியே வெச்சிக்கினு போனோம் சார். எங்களுக்கு, எங்க நாத்தனாருக்கு, பெங்களூர்ல இருக்கற கொழுந்தனாருக்கு, குவைத்துல இருக்கற எங்க அண்ணனுக்கு, எல்லாருக்கும் சேத்து தலைக்கு ரெண்டு. வர்றவங்களுக்கும் சொல்லிட்டோம். அல்லாரும் வெச்சிக்கினு கீறாங்க. எப்பிடியாச்சும் சொந்தமா ஒரு வூடு வந்துட்டா அடுத்த வருஷம் உங்களத் தேடி வருவோம் சார்."

அப்போதுதான் உறைத்தது. மலையில் கல் மேல் கல் வைத்து, பெருமாளே ஒரு வீடு கொடு என்று வேண்டிக்கொள்வது இந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். என் அம்மா ஒவ்வொரு தடவையும் வைப்பாள். கல் பொறுக்கிக் கொடுத்ததே நான்தான். தொப்பி காதை மூடியிருந்ததால் மூளைக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். பாறை மேல், வேர் மேல், புதருக்குள், ஓடைக்கரையில், எங்கே பார்த்தாலும் பெரிய கல் மேல் சின்னக் கல். ஒவ்வொன்றும் நான் சொல்லிக்கொடுத்த லட்சணத்தில், அச்சு அசலாக. எது என் கல், எது ஜனங்களின் வீடு என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு அணி படிக்கட்டுப் பாதையில் ஜனங்களோடு ஜனமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, டிரைவர் பார்த்து இறக்கிக் கொண்டுவந்தார். இன்னொன்று சுற்றிச் சுற்றி வேனுக்கே திரும்பி வந்து, எங்கள் விழாப் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தது. மூன்றாவது அணியைக் காணவில்லை. அதில்தான் எல்லாரையும்விடச் சின்னவன் முரளி இருந்தான்.

காட்டில் சிறுத்தை உண்டு என்பது திருப்பதியில் எல்லோருக்கும் தெரியும். நான் பயந்தேன். வேலை, பர்மனெண்ட் எல்லாம் மறந்துபோனது. முரளியின் அம்மா காலையில் வேன் ஜன்னலில் அவனுக்குத் தலை வாரிவிட்டது மட்டும் கண்ணில் நின்றது. விசிலை எடுத்து ஊதினேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? அவர்கள் விசிலும் என்னிடம்தானே இருந்தது. அழுதுவிட்டேன். நைனா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டேய் பசங்களா, எங்கடா கீறீங்க" என்று புதர் புதராகக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில், காய்ந்த ஓடையில் கிடைத்தார்கள். சுற்றிலும் கல் அடுக்கியிருந்த ஒரு மேட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனுக்குக் கால் சுளுக்கு. எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. பக்கத்திலேயே பேச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது, ஆட்களும் போயிருக்கிறார்கள்.

"அவங்களைக் கேட்டிருக்கலாம்லடா?" என்று கத்தினேன்.

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க" என்றான் அணித் தலைவன்.

முரளி விசும்பினான். "எல்லாப் பக்கமும் வழின்னு போட்டிருந்திச்சி சார்."

அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது நைனாதான். கால் சுளுக்கியவனை நான் தாங்கிக்கொண்டு வந்தேன்.

வேன் பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ரேப்பு நுஞ்சி ராவொத்து" என்றார். நாளையிலிருந்து வராதே என்று அவர் மெதுவாகச் சொன்னது திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. பிறகு என் தலையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். அளவைப் பார்த்தால் அது அவருடையதுதான் போல, போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

எங்களை வேனில் ஏற்றவில்லை. பஸ்ஸில் வந்தோம்.  சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நைனா ஒரு வாய் சோறு துன்னலாம் வா என்று கூப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ்ளோ பேருக்கு வெக்க சொன்னியே. நம்புளுக்கு ரெண்டு வெச்சியா?"

"இல்ல நைனா."

"சரி, துன்னு."

அந்த வாரமே பலமனேர் வழியாகப் போகும் பெங்களூர் பஸ்ஸில் நைனாவை ஏற்றிவிட்டேன். அம்மா பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. பொங்கலுக்கும் கங்கம்மா ஜாத்திரைக்கும் வருவார், போவார். இடையில் பூத்திலிருந்து பேசுவார். நான் வேலை தேடி ஊர் ஊராக அலைந்ததில் அம்மா தனியாகவே சமைத்துத் தனியாகவே தின்றாள். நான் பர்மனெண்ட் ஆகியிருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நைனா சொன்னது வேறு. பெங்களூரில் புது அடுக்குமாடி ஒன்று எழும்பும்போதெல்லாம், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். "இதெல்லாம் எம் புள்ள வெக்கச் சொன்ன கல்லு. ஒண்ணுகூட வீணாப் போவல." குடியிருக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர் மட்டும் சிரித்துக்கொள்வார். சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம் எதற்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இலை போட மாட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறேன்.

நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். போன முறை குடும்பத்தோடு திருமலைக்குப் போனபோது என் மகள் பாதை ஓரத்தில் கல் அடுக்க உட்கார்ந்தாள். பெருசு கீழே, சின்னது மேலே. தாத்தாவுக்கு, ஆயாவுக்கு, அப்பாவுக்கு என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். நைனா முட்டியைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் வுடு கண்ணு" என்றார். "உங்கப்பன் வெக்கச் சொன்ன வூடு அத்தினிக்கும் இத்தினி வருஷமா நான் ஒருத்தந்தான் காவலு."