அளந்து அனுப்பிய அழுத்தம்

கணினி மாடல் காட்டிய அழுத்தமும் நிலத்தடியில் அளந்து அனுப்பிய அழுத்தமும் பொருந்தவில்லை. அச்சுதன் தாம்பரம் அலுவலகத்தில் அதையே வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான்.

வளைகுடாவில், வற்றிப்போன ஓர் எரிவாயு வயல். தேவை குறைந்த காலத்தில் அதன் பாறைக்குள் வாயுவை அடைத்து வைப்பார்கள், வேண்டும்போது எடுப்பார்கள். எவ்வளவு தாங்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவன் வேலை.

முன்பு அது பக்கத்து இருக்கை காலேப்பின் வேலை. மெதுவாகச் செய்கிறான் என்று போன மாதம் அனுப்பிவிட்டார்கள். அவன் குடை இன்னும் ஆணியில் தொங்கியது.

மேலாளர் பக்தவச்சலம் முதல் நாளே சொன்னார். "காலேப் மாடல் குப்பை. ஓட்டிக்கூடப் பாக்காத, அழிச்சிடு. புதுசா போடு. ஃபீல்டுல அளந்ததுதான் வேதம். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள பொருந்தலைன்னா நீயும் குடையை மாட்டிட்டுக் கிளம்பு."

அழித்தான்.

புது மாடலில் பாறையைச் சற்று இளக்கினான். தண்ணீர் புகுந்தது. தண்ணீரை மறித்தான். வாயு கிழக்கே நகர்ந்தது. நடுவில் ஒரு விரிசல் போட்டான். வாயு எல்லையைத் தாண்டிவிட்டது.

பக்தவச்சலம் திரையை எட்டிப் பார்த்தார். "பக்கத்து நாட்டுக்கே போயிடுச்சேப்பா. விசா எடுத்தியா?"

வீட்டில் மனைவி ஸ்ரீவித்யா தோசையை வைத்தாள். "இன்னிக்காவது பொருந்துச்சா?"

"இல்ல."

"நம்ம ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்துச்சு. என்னத்தைக் கண்டோம்?"

அவன் சட்னி கேட்கவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை வயலிலிருந்து கிருபா கூப்பிட்டார். அங்கே பொறியாளர், பல்லாவரத்துக்காரர். பக்தவச்சலம் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மன்னிக்கணும் சார்," என்றான் அச்சுதன். "நீங்க அளந்ததுக்குப் பக்கத்துலகூட வர முடியல. தப்பு என்னோடதுதான்."

"கேட்டீங்களா சார்?" என்றார் பக்தவச்சலம். "இன்னியோட இவனையும் மாத்திடறேன்."

கிருபா பதறினார்.

"ஐயோ, அவரை ஏன் சார்? இங்க அழுத்தம் அளக்கற மீட்டர் ரிப்பேராகி ஒரு வருஷம் ஆவுது. கட்டத்தைக் காலியா வுட்டா கேப்பாங்கன்னு, காலேப் சார் மாடல் முன்னாடி சொல்லியிருந்த அழுத்தத்தையே எழுதி அனுப்பிட்டோம். அந்த மாடலை ஓட்டிக் காட்டுங்க சார், அச்சு அசலாப் பொருந்தும்!"