நெட் கொண்டு வருபவருக்கே கோர்ட்

உயிர் போனாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணியை விட்டுக்கொடுப்பதில்லை என்று கில்பட் சபதம் எடுத்தார். நின்றுகொண்டே எடுத்தார். உட்கார்ந்து எடுத்திருப்பார், வீட்டிலிருந்த கதிரை எல்லாவற்றிலும் மனைவி அல்பொன்சாவின் பிக்கிள்போல் மட்டைகள் உட்கார்ந்திருந்தன.

சிலாபத்துக்குக் கிட்ட, கடலை ஒட்டிய பார்க்கில் இருப்பது ஒரேயொரு டெனிஸ் கோர்ட். கில்பட்டுக்கு ஐஸ் பெக்டரியில் இரவு வேலை. ஊர் விழித்திருக்கும்போது அவர் நித்திரை. அவர் விழித்திருக்கும்போது ஊர் நித்திரை. பகல் வெளிச்சத்தில் நாலு மனிதர் முகம் பார்த்து, சத்தம் போட்டுச் சிரித்து, உடம்பு வியர்க்கிற நேரம் அவருக்குக் கிழமையில் ஒன்றே ஒன்று. ஞாயிறு ஐந்திலிருந்து ஆறு. ஐஸ் கட்டியோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு வியர்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது, சும்மா இருந்தாலே வியர்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தில் இத்தாலியிலிருந்து வந்த மச்சாள் மண் போட்டாள். வழக்கமாகச் சொக்லட் கொண்டு வருகிறவள், இந்த முறை பிக்கிள்போல் என்ற புது விளையாட்டுக்கு நாலு மட்டையும் உடம்பெல்லாம் துளை விழுந்த ஒரு பிளாஸ்டிக் பந்தும் கொண்டு வந்தாள்.

"பாவம், ஓட்டைப் பந்தைக் குடுத்து ஏமாத்திப்போட்டாங்கள்" என்று கில்பட் உண்மையாகவே மனம் வருந்தினார்.

மச்சாள் ஒரு மாதத்தில் இத்தாலிக்குத் திரும்பிவிட்டாள். விளையாட்டு திரும்பவில்லை. நாலு மட்டை பதினாறு மட்டை ஆனது. மிச்சப் பன்னிரண்டுக்கும் பலகை எங்கிருந்து வந்தது என்பது, கில்பட் ஒரு நாள் அலுமாரியைத் திறந்தபோது விளங்கியது. சட்டைகள் இருந்த இடத்தில்தான் தொங்கின. சட்டைகளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது.

பதினாறு பெண்களும் ஞாயிறு நாலு மணிக்கு வருவார்கள். டெனிஸ் நெட்டை இரண்டு அங்குலம் இறக்குவார்கள். வெள்ளைத் தூளால் புதுக் கோடு போடுவார்கள். இருட்டும் வரை போகமாட்டார்கள்.

"இஞ்ச பாருங்க, சண்டை வேணாம்" என்றாள் அல்பொன்சா. "அஞ்சு தொடக்கம் அஞ்சரை நீங்க. மிச்சம் நாங்க."

"அரை மணித்தியாலமா? எனக்குச் சப்பாத்துக் கட்டவே அவ்வளவு நேரம் வேணும்!"

"நாலு ஆம்பிளையள் மூச்சு வாங்குற இடத்தில நாங்க ஒரே நேரத்தில எட்டுப் பேர் விளையாடுறம்."

"அதுவும் ஒரு விளையாட்டா? ரொட்டி தட்டுற மாதிரி டொக்கு டொக்கெண்டு."

"ரொட்டி திங்கேக்குள்ள அந்தச் சத்தம் காதில விழல்லையோ?"

"பாதியும் இல்ல, கீதியும் இல்ல. டெனிஸ் கோர்ட் டெனிசுக்கு!"

"ஓம். நீங்க சொன்னாச் சரிதான்."

இருபத்தாறு வருடக் கலியாணத்தில் அல்பொன்சா இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் பிறகு என்ன நடந்தது என்று கில்பட் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவர் அந்த நேரம் வேறு யோசனையில் இருந்தார்.

மறுநாளே பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிங்கள அதிகாரி மாத்தயாவிடம் போனார்.

"மாத்தயா, நெட்டை உப்புக்காத்து திண்டுபோடும். நான் வீட்டில வச்சுப் பத்திரமாப் பாக்கிறன். கொண்டு வாற ஆக்களுக்குக் கோர்ட் எண்டு ஒரு சட்டம் போட்டுட்டா உங்களுக்கும் தலையிடி இல்ல."

தலையிடி இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் மாத்தயாவின் கண் கலங்கியது. கிழமைக்கு ஆறு முறைப்பாடு கேட்கிற மனிதர். கில்பட்டே சிங்களம், தமிழ் இரண்டு பாஷையிலும் எழுதினார்: 'நெட் கொண்டு வருபவருக்கே கோர்ட்.' மாத்தயா முத்திரை குத்தி போர்டில் ஒட்டினார்.

கன்றுக்குட்டிப் பாரம் இருந்தது அந்த நெட். திரீவீலரில் ஏற்றி வந்து கட்டிலுக்குக் கீழே தள்ளி, பகல் முழுக்க அதன் மேலே படுத்துக் குறட்டை விட்டார். அல்பொன்சா கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

"இனி என்ன செய்வாளுகள் அண்ணே? சீலையைக் கட்டி விளையாடுறதா?" என்று கூட்டாளி இன்னாசிப்பிள்ளையிடம் சொன்னார். இன்னாசிப்பிள்ளை ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சிரித்த சிரிப்பில் கட்டுப்பல் இடம் மாறியது.

சிரிக்கும்போது இரண்டு பேரும் கடற்கரையைப் பார்த்துத்தான் நின்றார்கள். கரை நெடுக, கண்ணுக்கெட்டிய தூரம், மீன்வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்தார்கள். பார்த்துவிட்டு இன்னொரு முறை சிரித்தார்கள்.

வெற்றிக் களிப்பில் கில்பட் மதுரங்குளிக்குப் போன் போட்டார். அங்கே இரும்புக்கடை சரீப்பும் அவருடைய மச்சினன் முபாறக்கும் டெனிஸ் ஆடுகிறவர்கள். "ஞாயிறு அஞ்சு மணிக்கு வாங்க மச்சான். கோர்ட் நம்மட கையில!"

ஞாயிறு நாலே முக்கால். நெட்டும் இன்னாசிப்பிள்ளையும் கில்பட்டுமாகத் திரீவீலரில் நெருங்கி வந்தார்கள். பார்க் வாசலுக்கு வரும் முன்னரே கேட்டது.

டொக். டொக். டொக்.

கோர்ட்டில் எட்டுப் பெண்கள். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு விறைப்பாக ஒரு நீல வலை. மேல்விளிம்பில் வெள்ளைத் துணி வைத்து அழகாகத் தைத்திருந்தது. துணி எங்கேயோ பார்த்த துணி மாதிரி இருந்தது. கேட்கக் கில்பட்டுக்குப் பயமாக இருந்தது.

"டொறத்தி, இது மீன் பிடிக்கிற வலை!"

பக்கத்து வீட்டு டொறத்தி வலை பொத்துவதில் கெட்டிக்காரி. இரண்டு பின்னேரத்தில் முடித்திருந்தாள். "முந்தி மீன் பிடிச்சது, கில்பட் அண்ணே. இப்ப பந்து பிடிக்குது. உங்கட நெட்டில பந்தே பூந்து போகும். இதில நெத்தலியும் பூராது."

"உயரம் சரியா இருக்கோணும்! அளக்கோணும்!"

அளந்தார். நடுவில் முப்பத்துநாலு அங்குலம். பிக்கிள்போலுக்கு அதுதான் கணக்கு. மற்றப் பக்கம் போய் அளந்தார். முப்பத்துநாலு. மூன்றாம் தடவை டொறத்தியே நாடாவின் மறு நுனியைப் பிடித்து உதவினாள்.

கில்பட் போர்டுக்கு ஓடினார். தன் கையெழுத்தில் தன் சட்டத்தைத் தானே வாசித்தார். முன்னுக்கும் பின்னுக்கும் வாசித்தார். ஒரு ஓட்டை இல்லை. வாழ்க்கையில் அவர் இவ்வளவு தெளிவாக வேறெதையும் எழுதியதில்லை.

அந்த நேரம் பார்த்து மதுரங்குளி வேன் வந்து நின்றது. சரீப் இறங்கினார்.

"கோர்ட் நம்மட கையில எண்டீங்களே மச்சான்?"

"கையிலதான். குடும்பத்துக்குள்ளதான் இருக்கு."

முபாறக் வேனுக்குள்ளிருந்தே சிரித்தார். கில்பட்டுக்கு அந்த வெயிலிலும் ஐஸ் பெக்டரிக் குளிர் அடித்தது. மெல்ல அல்பொன்சாவின் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச... ஆக்கள் வந்திட்டாங்க. அந்த அரை மணித்தியாலம் எண்டு சொன்னாயே..."

"அது காலை விலை."

"அதென்ன விலை?"

"மீன்சந்தைக்குப் போறதில்லையோ? காலையில ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை."

கில்பட் சந்தையில் அடிபட்டவர். மடக்கிவிட்டோம் என்று முகம் மலர்ந்தார். "பின்னேரம் எண்டா விலை குறையத்தானே வேணும்?"

"ஓம். குறைச்சுத்தான் தாறன். கால் மணித்தியாலம்."

மலர்ந்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு தலையாட்டினார். கால் மணித்தியாலம் என்றாலும் வெளிச்சம் வெளிச்சம்தானே. ஒரு நல்ல சேர்வ், இரண்டு நல்ல அடி, கொஞ்சம் வியர்வை. போதும்.

"பேசி முடிச்சாச்சு மச்சான்! இறங்குங்க!"

"நேரம் இப்ப தொடங்குது" என்று அல்பொன்சா விசிலைக் கழுத்தில் மாட்டினாள். "ஆனா உங்கட நெட்டை நீங்கதான் கட்டோணும்."

டொறத்தி இந்தப் பக்கம் ஒரு கொக்கி, அந்தப் பக்கம் ஒரு கொக்கி கழற்றினாள். நீல வலை பாய் சுருட்டுவது போல் சுருண்டது. பெண்கள் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்தார்கள்.

கட்டிலுக்குக் கீழே ஒரு கிழமை கிடந்த நெட், தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. தலை எது, வால் எது என்று கண்டுபிடிக்கவே நாலு நிமிடம் போனது. இன்னாசிப்பிள்ளை இழுத்த முனை முபாறக்கின் காலில் சுற்றியிருந்தது. இந்தப் பக்கம் கட்டினால் அந்தப் பக்கம் விழுந்தது. தூணில் கம்பி முறுக்கும் கைப்பிடி உப்பில் இறுகிப்போயிருந்தது. சரீப் தன் கடைச் சாமான் எல்லாவற்றின் பெயரும் சொல்லி, அதில் ஒன்றாவது இப்போது கையில் இருந்திருக்கக் கூடாதா என்று அல்லாஹ்விடம் கேட்டார்.

"சுருக்குப் போடுங்க அண்ணே, சுருக்கு!" என்று வாங்கிலிருந்து டொறத்தி. "அது சுருக்கில்ல, அது வேற!"

பன்னிரண்டாம் நிமிடம் நெட் நின்றது. பதின்மூன்றாம் நிமிடம் இன்னாசிப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பதினாலாம் நிமிடம் காசு சுண்டினார்கள். கில்பட்டுக்குத்தான் சேர்வ்!

கோட்டில் போய் நின்றார். கடல் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தார். ஒரு கிழமை இருட்டையும் குளிரையும் அந்த ஒரு பந்தில் திரட்டி, மஞ்சள் வெயிலுக்குள் உயர, உயர எறிந்தார்.

விசில் ஊதியது.

பந்து இறங்கி வந்து சேர்ந்தபோது அங்கே பிக்கிள்போல் நடந்துகொண்டிருந்தது. அல்பொன்சாவுக்குச் சோடியாக ஆடிக்கொண்டிருந்தவர் இன்னாசிப்பிள்ளை.