ரெண்டடி பின்னுக்கு

படம் பார்க்கிறவர்கள் உலகத்தில் பலர். படத்தைப் பார்க்கவைக்கிறவர்கள் தனி இனம். அவர்கள் வீட்டுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். கதிரையில் உட்காருமுன் உங்களைச் சுவரில் மாட்டிய படத்துக்கு எதிரே நிறுத்தி, தோளைப் பிடித்துப் பின்னுக்கு நகர்த்தி, தேத்தண்ணீரில் ஆடை படியும்வரை விடமாட்டார்கள்.

டண்டினொங்கில் நொயல் அப்படிப்பட்டவர். தொழிற்சாலையில் கூட வேலைசெய்த ருமேனியாக்காரர் அடிலெய்டுக்குக் குடிபோகும்போது கொடுத்த படம்: ஒரு ஆறு, கரையில் ஓசையில்லாத கிராமம். கிட்ட நின்றால் வெறும் சாயத் திட்டுகள். தள்ளிப் போனால் திட்டுகள் கூரையாகும், புகையாகும், தண்ணீர் அசையும். தண்ணீரோரம் ஒரு வெள்ளைத் தீற்றல். அது துணி துவைக்கிற பெண் என்பது நொயலின் தீர்ப்பு. ருமேனியாவை அவர் கண்டாரா? அடிலெய்டையே கண்டதில்லை.

அகப்பட்டுக்கொண்டவள் மனைவி பேர்ள். மகள் செல்வராணிக்கு முதலில் சம்பந்தம் பேச வந்தவர் பின்னுக்கு நகர்ந்து, நகர்ந்து, சின்ன மேசையில் இருந்த ரோல்ஸ் தட்டின் மேல் உட்கார்ந்தார். பிறகு அவர் தொலைபேசியே எடுக்கவில்லை.

இந்த முறை வருகிறவர்கள் செல்வராணிக்கே பிடித்த பொடியனின் வீட்டார். படத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று பேர்ள் கணவனிடம் அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கினாள். கழற்றி வைத்திருக்கலாமே? வெறும் சுவரைக் காட்டி இன்னும் அதிகம் பேசுவார்.

நொயல் சத்தியத்தைக் காத்தார். மழை பேசினார், ரயில் பேசினார். கண் மட்டும் சுவருக்குப் போய்ப் போய் வந்தது. பொடியனின் தகப்பன் கொட்பிறி கடைசி ரோல்ஸோடு எழுந்துபோய், மூக்கு முட்டப் படத்தின் முன் நின்றார்.

"வாத்தை நல்லாக் கீறியிருக்கிறான்," என்றார்.

நொயலுக்கு வியர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பேர்ள் பார்த்தாள். எத்தனை வருடமாக அந்தப் பெண்ணுக்குத் தூசி தட்டியிருக்கிறாள் அவள்? வாத்தாம்.

"வாத்தில்லை அண்ணை. அது உடுப்புத் தோய்க்கிற பொம்பிளை. ரெண்டடி பின்னுக்கு வந்து பாருங்கோ." சொன்னது நொயல் இல்லை, பேர்ள்.

செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். கொட்பிறி பின்னுக்கு வந்தார், இன்னும் வந்தார், குசினி வாசலில் போய் நின்றார். அங்கிருந்தபடியே மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், இதிலை வந்து நிண்டு பாரும்."

தவக்காலத்துக்கு முன்னரே கலியாணம் முடிந்துவிட்டது. இப்போது அந்த வீட்டு விருந்தாளிகளைச் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து நகர்த்துகிறார்கள். கொட்பிறி மட்டும் இன்னமும் வாத்துத்தான் என்கிறார்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த வெள்ளைத் தீற்றல் உண்மையில் என்னவென்று சற்றுமுன் உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள், இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாய் துருதுருக்கிறது. சொல்லுங்கள். அவருக்குப் பின்னால் சின்ன மேசை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.