ஒல்லிக்கோட்டுப் போர்டு

போர்டைத் தூக்கி மாட்டிய பிறகுதான் தெரிந்தது, பாதி எழுத்தைக் காணோம்.

மாரிசெல்வி ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தாள். 'ஆஷா' என்று இங்கிலீஷில் பெரிசாகவும், கீழே 'பியூட்டி பார்லர்' என்று சின்னதாகவும் எழுதியிருந்தது. எச்சின் நடுக்கோடு போய் ரெண்டு கம்பம் மட்டும் நின்றது. ஏ ஒற்றைக் காலில் சாய்ந்திருந்தது.

போனில் டிசைனாகப் பார்த்தபோது சொக்கிப்போயிருந்தாள். ஃபேஷன் புத்தக அட்டையில் வருகிற எழுத்து அது. ஒரு கோடு தூண் மாதிரி தடிமன், அடுத்தது தலைமுடி அளவு. வரைந்து கொடுத்தவன் மாதவ், அவள் முன்பு வேலை பார்த்த மாட்டுங்கா பார்லர்க்காரம்மாவின் பிள்ளை. அவனுக்கே போன் போட்டாள்.

"பாதி எழுத்து தெரியலப்பா."

"மெல்லிசுக் கோடுதான் அக்கா அதுக்கு அழகே. பின்னாடி லைட் போடுங்கோ, எடுப்பா இருக்கும்."

போட்டாள். மிச்சமிருந்த கோட்டையும் வெளிச்சம் தின்றுவிட்டது.

கடை என்பது அவர்கள் வீட்டு முன்ரூம்தான். இந்த வாரத்துக்குள் ஒரு கஸ்டமராவது வராவிட்டால் அதை மொபைல் ரிப்பேர் தௌஃபீக்குக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று புருஷன் இசக்கிதுரை கறாராகச் சொல்லியிருந்தான். தௌஃபீக்கோ தினமும் டேப்போடு வந்து சுவரை அளந்தான். "ஆராம் சே பாபி, ஜல்தி இல்ல, மெதுவா காலி பண்ணுங்க அண்ணி" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

"போர்டைப் பெரிசாக்கிடலாம் அக்கா" என்றான் மாதவ். பெரிசாக்கியதில் அது பக்கத்து டெய்லர் ஜெயினுலாப்தீனின் ஜன்னலை மறைத்தது. அவர் போட்ட சத்தத்தில் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டியதாயிற்று. 'பியூட்டி பார்லர்' அதோடு போனது.

மிஞ்சிய 'ஆஷா'வாவது தெரியட்டும் என்று சுற்றிலும் கறுப்புப் பட்டை அடிக்கச் சொன்னான் மாதவ். அடித்த அன்றே ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "யாரும்மா தவறிட்டாவ?" என்று கேட்டார்.

கடைசி நாளும் வந்தது. மாதவ் போனை எடுக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, மாரிசெல்வி பெயின்டர் வெயிலுமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஸ்டைலெல்லாம் போதும். ரயில்ல போறவனுக்கும் தெரியுத மாதிரி, செகப்புல, தடிதடியா 'பார்லர்'னு தமிழ்லயே எழுதுங்க."

வெயிலுமுத்து ஏணியில் ஏறினார். வாசலில் இசக்கிதுரையும் தௌஃபீக்கும் சாவியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது பின் சந்திலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோகிலவாணி வந்தாள். போன வருஷம் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த பெண். இரண்டு ஆண்களையும் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, நேராக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புருவம் எடுக்கணும்க்கா. அதுக்கு முன்னால அந்த அண்ணாச்சியை எறங்கச் சொல்லுங்க."

"ஏன்ட்டி?"

"பார்லர்னு எழுதிட்டா எங்க வீட்டுல விடுவாவளா? வெறும் பேரு மட்டும் இருக்க இந்தப் போர்டைக் காட்டி, இங்க இருக்க வக்கீலம்மாவைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க அத்தை மொத தடவையா, எனக்கு டீ போட்டுக் குடுத்தாவ."