நான் துடைத்துவைத்த கம்பிகள்

முரானோ,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ஒட்டாவியோ அவர்களுக்கு, ஜில்தோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் தவிர மற்ற யாவும் நலம். கியோஜாவில் உங்கள் படகும் வலையும் இடுப்பும் நலம்தானே?

வருகிற ஞாயிறு நீங்கள் அவசியம் வந்து உங்கள் தங்கையிடம் கண்டிப்பாக நாலு வார்த்தை பேசவேண்டும். சமையலறை மேசையில் பாதி எனக்கு, பாதி லொரெடானா கண்ணாடி மணி செய்யும் தீக்குழாய்க்கு என்பது பதினோரு வருட ஒப்பந்தம். இப்போது என் பாதியிலும் கண்ணாடிக் குச்சிகள். மத்தி மீன் தட்டை மடியில் வைத்துத் தின்கிறேன். "தீயை அணைச்சுட்டு சாப்பிட வாயேன்" என்றால், "கண்ணாடி உருகுற நேரத்துல புருஷனாவது பொலெண்டாக் களியாவது, அந்தப் பக்கம் போங்க!" என்கிறாள்.

உங்களிடம் ஒப்பிக்கக் குற்றப்பட்டியல் வேண்டுமே என்று நேற்று அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உங்கள் மகள் ஜினேவ்ராவின் கல்யாண மாலைக்கு நடுமணி செய்யும் நாள் அது. என்னத்தைச் சொல்ல! தீயில் குச்சியின் முனை தேனாக இளகி, கம்பியைச் சுற்றிப் படிந்தது. அவள் விரல்கள் கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தன; ஒரு நொடி நின்றால் கண்ணாடி தொங்கிவிடுமாம். முப்பத்துநாலு வருடம் பயணிகள் படகில் எஞ்சின் பார்த்தவன் நான், இத்தனை சீரான சுழற்சியை எங்கும் பார்த்ததில்லை. நெருப்பாய் ஜொலித்தது ஆற ஆற நீலமாச்சு. உள்ளே தங்கத்தாள் பொடிப்பொடியா மின்னி, விடியற்காலைக் காயல் அப்படியே அதுக்குள்ள! மூச்சு விடவே பயமா இருந்துச்சு மச்சான். இந்தக் கையா இத்தனை வருஷம் எனக்குக் காபி போட்டுச்சு? நான் பாட்டுக்குக் குடிச்சுட்டுப் போயிட்டேனே!

இனிதான் விஷயம். நேற்றுக் காலை, கம்பியெல்லாம் மண்ணாக இருக்கிறதே என்று மணல்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தவன் நான்தான். உதவியாம்! சாயங்காலம் மதுக்கடையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மணி செய்கிற நெரியோவுக்குக் குடித்தது புரையேறிவிட்டது. "அடப்பாவி! அந்த மண்பூச்சு இருந்தாத்தான்யா மணி கழண்டு வரும். இனிமே ஜென்மத்துக்கும் வராது!" என்றான்.

மணி இப்போது கம்பியோடு சூளைப்பெட்டியில் ஆறிக்கொண்டிருக்கிறது. இருபது நாளில் கல்யாணம். தீயை அணைக்கச் சொல்லுங்கள் என்று எழுத ஆரம்பித்தேன். மனசு வெறுத்து அவளே அணைச்சுட்டா என்ன பண்றது? எனக்குச் சொல்லத் தைரியமில்லை, நீங்களே வந்து பக்குவமாகச் சொல்லுங்கள். அதுவரை பெட்டியைத் திறக்கவிடாமல் சமாளிக்கிறேன்.

ஜினேவ்ராவுக்கு ஆசிகள், வீட்டம்மாவுக்கு வணக்கம், பூனைக்கு ஒரு மத்தி மீன்.

உங்கள் தங்கையின் பாவப்பட்ட கணவன்,
ஜில்தோ

பி.கு.: மச்சான், வரவேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள். மணி கம்பியை விட்டு அசையவில்லை. நான் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். "தெரியும். கையில எடுத்தப்பவே பளபளன்னுதானே இருந்துச்சு" என்றாள். "அப்புறம் ஏன் செஞ்ச?" "பதினோரு வருஷத்துல முதல் தடவையா எதிர்ல வந்து உக்காந்தீங்க. மண்ணைப் பூசிக் காய வைக்கப் போனா எழுந்து போயிருவீங்களேன்னுதான்" என்றாள். ஜினேவ்ராவுக்கு வேறு மணி இப்போதுதான் செய்து முடித்தாள், எதிரேயே இருந்தேன். ஒட்டிப்போனது எனக்காம். அந்தக் கம்பியால்தான் காபி கலக்குகிறேன். மேசையில் என் பாதியையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன், தட்டு மடியிலேயே இருக்கட்டும்.